இனிப்பு ஒயினும் இரவுச் சாப்பாடும்

எங்கள் புதுச்சேரியில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் டாக்டரிடம் இரண்டு பதில்தான் சொல்வார்கள். ஒன்று, "குடிப்பதே இல்லை, டாக்டர்." இன்னொன்று, "எப்போதாவது, விசேஷம் என்றால் கொஞ்சம்." இந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று டாக்டரும் துருவிக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இன்றைக்கு அந்தக் "கொஞ்சம்" பற்றித்தான் எழுதப்போகிறேன். அதிலும் இனிப்பான மது வகைகளைப் பற்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்கவேண்டாம். உடம்புக்குத் தீங்கே செய்யாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. ஈரல் கோளாறு, கணையக் கோளாறு, ரத்தத்தில் கொழுப்பு மிகுதி, கால் நரம்பு மரத்துப்போதல் இவையெல்லாம் உள்ளவர்களுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். நான் எழுதுவது, வருஷத்தில் நாலைந்து நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு சிறிய கிளாஸ் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்காக.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். படிப்பு முடிந்ததும் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பெரும்பாலும் கணக்குப் பிரிவிலேயே ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டில் மது என்பது ஒளித்து வைக்கும் பொருளாக இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பா கோவிலில் பூசை முடிந்து வந்ததும், அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன கிளாஸ் எடுப்பார். அதற்குப் பெயர் அப்பெரித்திஃப். சாப்பாட்டுக்குப் பின் விருந்தாளி இருந்தால் விரல் அளவு இன்னொன்று. அது திஜெஸ்திஃப். இரண்டுமே பெரும்பாலும் இனிப்பு. அதற்கு மேல் அந்தப் பாட்டிலை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டவர் என் அண்ணன். பாரிஸில் குடியேறி 50 வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி ஒரு பாட்டில் மஸ்கட் ஒயின் கொண்டுவருவார். தென் பிரான்சில் ரிவ்சால்த் பக்கம் செய்வது. அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். அவருக்கு வயது 80 ஆகிவிட்டது. இன்னும் எத்தனை டிசம்பர் வருவாரோ தெரியாது. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருஷம், "இனி அது கிடையாதா தம்பி?" என்று போனில் கேட்டார். அவர் கேட்டது ஒயினைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அதனால்தான் டாக்டரிடம் ஒளிக்காமல் கேட்டேன். இளம் வயது டாக்டரம்மா. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேப்பரை எடுத்து, "ஐயா, நீங்கள் கணக்கு ஆபீசில் இருந்தவர். உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன்" என்றார். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். காபியில் போடுவது, பிஸ்கெட்டில் இருப்பது, பாயசம், ஒயின் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். ஆக, நாள் முழுவதுக்கும் ஆறு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாட்டிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு முன், ஒரு மது ஏன் இனிக்கிறது, இன்னொன்று ஏன் இனிக்கவில்லை என்பது தெரிந்தால் பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். நம் பனைமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதனீர், தேனாக இனிக்கும். சுண்ணாம்பு இல்லாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். புளிப்பு ஏற ஏற இனிப்பு குறையும். சாற்றில் இருந்த சர்க்கரையைத் தின்றுதான் நுண்ணுயிர்கள் ஆல்கஹாலை உண்டாக்குகின்றன. திராட்சைச் சாறும் அப்படித்தான். முழுவதும் புளிக்க விட்டால் சர்க்கரை அநேகமாகத் தீர்ந்துபோகும். அதைத்தான் பிரெஞ்சில் "செக்" என்பார்கள். காய்ந்தது என்று பொருள்.

என் அண்ணன் கொண்டுவரும் மஸ்கட்டில் அந்தப் புளிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எப்படி? நாம் சுண்ணாம்பு தடவுகிறோம், அவர்கள் கடுமையான ஆல்கஹாலை ஊற்றுகிறார்கள். நுண்ணுயிர்கள் செத்துப்போகும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். போர்ச்சுகலின் போர்ட் ஒயினும் இதே வழிதான். 13ஆம் நூற்றாண்டில் மோன்பெலியேயில் இருந்த அர்னோ த வில்நேவ் என்பவர் இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அவர் ஒரு மருத்துவர் என்பதுதான் வேடிக்கை.

இந்த ரிவ்சால்த் மஸ்கட்டில் லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். 60 மில்லி ஊற்றினால் 6 கிராம் அல்லது சற்று மேல். ஒன்றரை டீஸ்பூன். எங்கள் அப்பாவின் கிளாஸ் சரியாக 60 மில்லிதான் பிடிக்கும், அளந்து பார்த்தேன். போர்ட் ஒயினும் ஏறத்தாழ அதே அளவு.

லிக்கர் என்று சொல்லும் கெட்டியான இனிப்பு மது வகைகள் வேறு ரகம். ஐரோப்பியச் சட்டப்படி லிக்கர் என்று பெயர் போடவே பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை இருக்கவேண்டும். "கிரேம்" என்று பெயர் வந்தால் 250 கிராம். அதிலும் "கிரேம் த காஸிஸ்" என்ற கருந்திராட்சை வகைக்கு 400 கிராம். வெறும் 30 மில்லியிலேயே 12 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். அதை வெள்ளை ஒயினில் கலந்துதான் "கீர்" என்று கொடுப்பார்கள். தீஜோன் நகர மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கீர் என்ற பாதிரியாரின் பெயர் அது. ஒயின் என்னவோ "செக்", ஆனால் அடியில் ஊற்றியது பாகு.

லேபிளில் இன்னொரு பொடி உண்டு, பிரெஞ்சு தெரிந்தவர்களே தடுக்கிவிழும் இடம். சாதாரண ஒயினில் "செக்" என்றால் லிட்டருக்கு 4 கிராம் போலத்தான் சர்க்கரை. ஷாம்பெயின் பாட்டிலில் அதே "செக்" என்ற சொல் இருந்தால் 17 முதல் 32 கிராம் வரை! அங்கே இனிப்புக் குறைந்தது வேண்டுமென்றால் "ப்ரூட்" என்று பார்க்கவேண்டும், அது 12 கிராமுக்குள். "தெமி-செக்" என்றால் 32 முதல் 50. பாதி காய்ந்தது என்று பெயர், நாக்கில் வைத்தால் சர்பத். பேரன் கல்யாணத்துக்குப் பாட்டில் வாங்குகிறவர்கள் இந்த மூன்று சொற்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

நம் ஊரில் அதிகம் பேர் எடுக்கும் ரம், பிராந்தி, விஸ்கி எப்படி? இவற்றைக் காய்ச்சி வடிக்கிறார்கள். ஆவியாகி வருவது ஆல்கஹால், சர்க்கரை ஆவியாகாது. கரும்புப் பாகில் செய்த ரம்மிலும்கூட, தனியாக இனிப்புச் சேர்க்காதவரை, சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். இதைக் கேட்டதும் என் நடைப்பயிற்சி நண்பர் ஒருவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அப்போ முசியே, ரம் சுகர்-ஃப்ரீ!" என்றார். அதில் என்ன கலப்பீர்கள் என்று கேட்டேன். கோலா என்றார். கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை. ஒரு டம்ளர், 200 மில்லி, கலந்தால் 21 கிராம். ஒரு பெக்கிலேயே நாள் கணக்கு ஏறக்குறைய காலி. கசக்கும் டானிக் தண்ணீரிலும் சர்க்கரை உண்டு. கசப்பு அதை மறைத்துவிடுகிறது.

சரி, சோடா கலந்தால்? சர்க்கரை இல்லை, ஆனால் ஆல்கஹால் இருக்கிறதே. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி. நம் கடைப் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 20 கிராம், கலோரி 140. இரண்டு இட்லிக்கு மேல். சோடாவில் இனிப்பு இல்லை என்பதற்காக அந்த இட்லி மறைந்துவிடாது.

இதுவரை சொன்னது வெறும் கூட்டல் கழித்தல். இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.

கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு மறு ஒதுக்கீடு என்றால் தெரியும். ஒரு தலைப்பில் மிச்சம் இருந்தால் இன்னொரு தலைப்புக்கு மாற்றுவது. எல்லாத் தலைப்பிலும் அது நடக்காது. எழுதுபொருள் செலவைக் குறைத்துத் தபால் செலவுக்குப் போடலாம், கேட்டால் அனுமதி கிடைக்கும். சம்பளப் பணத்தை எடுத்து மேசை நாற்காலி வாங்க முடியாது. இனிப்பு மதுவும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இனிப்பை இனிப்போடு ஈடுகட்டலாம். அன்றைக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், கேக் வேண்டாம் என்று விட்டுவிட்டு ஒயினில் எடுக்கலாம். ஆனால் சாப்பாட்டை நிறுத்தி ஒயினுக்கு இடம் கொடுக்கக்கூடாது. அது சம்பளத் தலைப்பு. அதில் கை வைத்தால் ஆபத்து.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் அத்தான் வீட்டில் நடந்ததைப் பார்த்தவன் நான். அத்தான் பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். எல்லாவற்றிலும் கட்டுப்பாடு. சில வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் இரவு, விருந்தினர்களோடு இரண்டு கிளாஸ் இனிப்பு ஒயின் எடுத்தார். "இதிலேயே சர்க்கரை ஏறியிருக்கும், ஈடு கட்டவேண்டும்" என்று சோறும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம் என்று இரண்டு துண்டு கறியோடு எழுந்துவிட்டார். வழக்கமான மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். கிளிமிப்பிரைடு. நம்மில் பலபேர் போடுவதுதான்.

விடியற்காலை நாலு மணி. அக்கா எழுந்து பார்த்தால் அத்தானின் சட்டை வேர்வையில் தொப்பல். கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. பாத்ரூமுக்குப் போக எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறார். அக்கா என்ன நினைப்பாள்? "ராத்திரி குடித்தது இன்னும் இறங்கவில்லை, தூங்கட்டும்" என்று போர்வையை இழுத்து விட்டிருக்கிறாள். நல்லவேளை, பண்டிகைக்கு வந்திருந்த அவர்கள் பெண் ஒரு நர்ஸ். சத்தம் கேட்டு எழுந்து வந்தவள், அப்பாவின் நெற்றியைத் தொட்டதும் குளுக்கோமீட்டரைத் தேடினாள். விரலில் குத்தினால் 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, நினைவு இருக்கும்போதே குடிக்கவைத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கொடுத்து, பிறகு ரொட்டி. ஆறு மணிக்கு அத்தான், "எல்லாரும் ஏன் என்னைச் சுற்றி நிற்கிறீர்கள்?" என்று கேட்டார்.

இனிப்பு குடித்தவருக்குச் சர்க்கரை எப்படி இறங்கும் என்று எனக்கும் அப்போது புரியவில்லை. டாக்டரம்மாதான் விளக்கினார். ஒயினில் உள்ள சர்க்கரை முதலில் ஏற்றும். அது கொஞ்ச நேர ஆட்டம். இரவில் நாம் சாப்பிடாமல் தூங்கும்போது, ஈரல்தான் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆல்கஹால் உள்ளே வந்தால் ஈரலுக்கு அதைக் கழிப்பதுதான் முதல் வேலை. சர்க்கரை தயாரிப்பு குறைந்துவிடும். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்திருந்தால், அவை பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வயிற்றில் சோறும் இல்லை என்றால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. இந்த விளைவு மறுநாள் வரைகூட நீடிக்கலாமாம்.

அதைவிடக் கொடுமை, தாழ்சர்க்கரையும் குடிபோதையும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பது. அதே குழறல், அதே தள்ளாட்டம், அதே உளறல். வாயில் ஒயின் வாசனை வேறு. வீட்டார் தூங்க விட்டுவிடுவார்கள். ஆகவே, இதைப் படிக்கும் வீட்டம்மாக்களுக்கும் சொல்கிறேன்: சர்க்கரை மாத்திரை போடுகிறவர் குடித்துவிட்டு நடுங்கினாலும் வேர்த்தாலும், முதலில் விரலில் குத்திப் பாருங்கள். திட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். மெஷின் இல்லையென்றால் சர்க்கரைத் தண்ணீரே கொடுத்துவிடுங்கள், அந்த நேரத்தில் அது மருந்து. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டரம்மாவோடு பேசி எங்கள் வீட்டுக்கென்று ஒழுங்கு ஒன்று எழுதினேன். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அவரவர் மாத்திரை வேறு, உடம்பு வேறு. உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். என்னுடையது இதுதான்.

ஒரு கிளாஸ், 60 மில்லி. இரண்டாவது கிடையாது. வெறும் வயிற்றில் கிடையாது. அப்பா காலத்து அப்பெரித்திஃப் எனக்கு இனி இல்லை, சாப்பாட்டின் நடுவிலோ கடைசியிலோதான். சோறோ ரொட்டியோ, வழக்கமாகச் சாப்பிடும் அளவு கட்டாயம் சாப்பிடவேண்டும். படுக்குமுன் விரலில் குத்திப் பார்க்கவேண்டும். நூறுக்குக் கீழே இருந்தால் ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுக்கவேண்டும். தனியாக இருக்கும் இரவில் தொடக்கூடாது.

இனிப்பு ஈடும் அதில் உண்டு. கிறிஸ்துமஸுக்கு என் மனைவி விவிக்கம் கேக் செய்வாள். ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய திராட்சை, எங்கள் ஊருக்கே உரிய வாசனை. அவள் போடும் சர்க்கரை 250 கிராம், வெட்டுவது 12 துண்டு. ஒரு துண்டுக்கு 20 கிராமுக்கு மேல், திராட்சை தனி. கேக்கும் ஒயினும் சேர்ந்தால் 25 தாண்டிவிடும். முதல் வருஷம், "என்னங்க, அண்ணனோட பாட்டில் வேணுமா, என் கேக் வேணுமா?" என்று கேட்டாள். 50 வருஷத் தாம்பத்தியத்தில் இதைவிடச் சிக்கலான கோப்பு என் மேசைக்கு வந்ததில்லை. கடைசியில் 24ஆம் தேதி இரவு ஒயின், 25ஆம் தேதி மத்தியானம் கேக் என்று தேதி பிரித்து உத்தரவு போட்டோம். ஒயின் நாளில் காலைக் காபியில் மட்டும் ஒரு ஸ்பூன், 4 கிராம். ஒயினில் 6. மொத்தம் 10. தாராளமாக உள்ளே நிற்கிறது. கேக் நாளில் காபி முழுக்கக் கசப்பு.

அத்தான் இப்போது ஒயினை விட்டுவிட்டார். யாரும் தடுக்கவில்லை, அவராக எடுத்த முடிவு. எங்களோடு உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்த சோடாவில் உப்புப் போட்டுக் குடிக்கிறார். அவர் கிளாஸையும் எங்கள் கிளாஸோடு தட்டித்தான் தொடங்குகிறோம்.

இந்த வருஷ டிசம்பருக்கு அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டார். போன வாரம் போனில், இந்தத் தடவை சின்னப் பாட்டில் போதும் என்றேன். அரை பாட்டில், 375 மில்லி. ஆறு கிளாஸ் வரும். அவருக்கு, எனக்கு, அக்காவுக்கு, மீதி பிள்ளைகளுக்கு. "சரி தம்பி, பெட்டியில் இடம் மிச்சமாகும், உனக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வருகிறேன்" என்றார். புதுச்சேரி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று நான் கேட்கவில்லை.